நடைபாதையில் போனால் முறைப்பு, சாலையில் போனால் ஹார்ன்: அங் மோ கியோவிலிருந்து தோ பாயோவுக்கு எப்படி சைக்கிளில் போவது?

அவென்யூ மூன்று:

வணக்கம். சிங்கப்பூரில் அங் மோ கியோ அவென்யூ 3 பக்கமிருந்து தோ பாயோவுக்கு அடுத்த மாதம் முதல் சைக்கிளில் வேலைக்குப் போகத் திட்டம். காலை 7.15க்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். திரும்பும்போது மாலை ஏழரை தாண்டிவிடும். கியர் வைத்த சாதாரண சைக்கிள்தான், மின்சைக்கிள் இல்லை.

சாலையில் போகலாமா, நடைபாதையில் போகலாமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதே குற்றம் என்கிறார் ஒருவர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் போனால் பரவாயில்லை என்கிறார் இன்னொருவர். சிவப்புப் பாதை (சைக்கிளுக்கென்று போட்ட பாதை) இருக்கும்போது பக்கத்து நடைபாதையில் ஏறக்கூடாது என்றும் கேள்விப்பட்டேன். எது சரி? மணி அடித்தால் சிலர் ஒதுங்குகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். அடிக்காமல் போனாலும் திட்டுதான். சாலையில் போனால் பேருந்துகளை எப்படிச் சமாளிப்பது? ‘கவனமாகப் போங்கள்’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மீட்டர், எந்த இடம், எதற்காக என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சங்கிலி எண்ணெய்:

முதலில் எது எந்தப் பாதை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத சாதாரண நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம், குற்றமில்லை. வேக வரம்பு மணிக்கு 10 கி.மீ. 2019 பிப்ரவரிக்கு முன்பு அது 15ஆக இருந்தது, அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர் வாதம் செய்வார்கள். சைக்கிள் பாதைக்கும் பூங்கா இணைப்புப் பாதைக்கும் வரம்பு 25 கி.மீ. மூன்றாவது வகைதான் புதியது. சைக்கிள் பாதையும் நடைபாதையும் அக்கம்பக்கமாக ஓடும் இடங்களில், 2025 ஜூலை 1 முதல் அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். அங்கே சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆக நீங்கள் கேள்விப்பட்டது சரி. ‘நடைபாதையில் ஓட்டுவதே குற்றம்’ என்றவர் இந்த வகையை மட்டும் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்.

உங்கள் வழிக்கு வருவோம். அங் மோ கியோவுக்குள் சிவப்புப் பாதையைப் பிடித்து பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து கல்லாங் ஆற்றை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதையில் தெற்கே இறங்கினால் தோ பாயோவின் கிழக்கு ஓரம் வந்துவிடும். பெரிய சாலையில் ஓட்ட வேண்டிய தூரம் மிகவும் குறையும். நேர்ச்சாலையைவிடக் கொஞ்சம் சுற்றுதான், ஆனால் சிக்னலில் நிற்கும் நேரம் மிச்சமாகும்.

வேக வரம்பை விதி என்று மட்டும் பார்க்காமல் கணக்காகவும் பாருங்கள். 10 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 2.8 மீட்டர் போவீர்கள். விரல் பிரேக் மேலேயே இருந்தாலும், ஆபத்தைக் கண்டு அழுத்த ஒரு விநாடி ஆகிறது. அதன்பின் சைக்கிள் நிற்க இன்னும் ஒரு மீட்டர். மொத்தம் 4 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் அதே ஒரு விநாடியில் 7 மீட்டர் போய்விடும், நிற்க மேலும் 6. மொத்தம் 13 மீட்டர். தரை ஈரமாக இருந்தால் 19 அல்லது 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி புளோக் மூலையில் திரும்பும்போது எதிரே 5 மீட்டர்கூடத் தெரியாது. அந்த இடத்தில் எந்த வேகத்தில் போகலாம் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

பழைய பேட்டைகளில் நடைபாதை அகலம் பல இடங்களில் ஒன்றரை மீட்டர்தான். உங்கள் ஹேண்டில்பார் 60 செ.மீ. இருக்கும். பாதைகளில் ஓட்டும் சைக்கிளுக்குச் சட்டப்படி உச்ச அகலம் 70 செ.மீ., எடை 20 கிலோ. எதிரே குடை பிடித்து வருபவருக்கு ஒரு மீட்டர் வேண்டும். கூட்டினால் இடமே இல்லை. மழை நாளில் அப்படி ஒருவர் வந்தால் காலை ஊன்றி நின்று வழிவிடுவது ஒன்றுதான் வழி.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று வாகனம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். இது 2019 பிப்ரவரியிலிருந்து சட்டம். காரணம் என்ன? இடது பக்கம் திரும்பும் கார் ஓட்டுநர் நடைபாதையைப் பார்க்கும்போது, நடந்து வருபவரைத் தேடுகிறார். நடப்பவர் விநாடிக்கு 1.4 மீட்டர் போவார். ஓட்டுநர் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்ப இரண்டு விநாடி என்றால், அவர் 3 மீட்டர் தூரத்துக்குள் யாருமில்லை என்று உறுதி செய்தாலே போதும். நீங்கள் 20 கி.மீ.யில் வந்தால் அதே இரண்டு விநாடிக்கு முன்பு 11 மீட்டர் தள்ளி, செடிக்குப் பின்னாலோ பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலோ இருந்திருப்பீர்கள். அவர் பார்த்தது உண்மை, நீங்கள் அங்கே இல்லாததும் உண்மை. மோதிய பிறகு இரண்டு பேரும் ‘நான் பார்த்தேனே’ என்று கத்துவது இதனால்தான். கார் நிறுத்துமிட வாசல்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பெரிய வண்டி:

பேருந்து, லாரி ஓட்டுபவர்களின் இருக்கையிலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சாலை வழிகாட்டி. இதைப் பலர் ‘கொஞ்சம் தள்ளிப் போ’ என்று புரிந்துகொள்கிறார்கள். அளந்து பாருங்கள். சைக்கிள் ஓரக்கல்லிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போகிறது, அதன் அகலம் 60 செ.மீ., இடைவெளி ஒன்றரை மீட்டர், பேருந்தின் அகலம் இரண்டரை. கூட்டினால் 5.1 மீட்டர். ஒரு தடம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர்தான். அதாவது, அதே தடத்துக்குள் பேருந்தும் சைக்கிளும் பக்கத்துப் பக்கமாகப் போக இடமே கிடையாது. 1.8 மீட்டர் அகலமுள்ள காருக்குக்கூட 4.4 மீட்டர் வேண்டும். அடுத்த தடம் காலியாக இருந்தால் அங்கே போய்த் தாண்டு, இல்லையென்றால் பின்னால் இரு. மூன்றாவது வழி இல்லை. ‘கொஞ்சம் நுழைந்துவிடலாம்’ என்று ஓட்டுநர் நினைக்கும் இடத்தில்தான் கண்ணாடி ஹேண்டில்பாரில் உரசுகிறது.

ஓட்டுநர்கள் இங்கே படித்தால் ஒரு வார்த்தை: பின்னால் நெருங்கி வந்து ஹார்ன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டவர் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் தோள் போகும், தோள் போகும் பக்கம் ஹேண்டில்பார் போகும். நீங்கள் ஒதுங்கச் சொல்லி அடித்த ஹார்ன் அவரை உங்கள் பக்கமே கொண்டு வரும்.

சைக்கிளில் போகும் உங்களுக்கு: ஓரத்தில்தான் போக வேண்டும், ஆனால் ஓரக்கல்லை உரசிக்கொண்டு போகாதீர்கள். அங்கே சாக்கடைக் கம்பி மூடி, இலைக் குவியல், மழையில் வழுக்கும் மஞ்சள் கோடு எல்லாம் இருக்கும். ஓரமாகப் போய்விட்டு ஒவ்வொரு மூடிக்கும் திடீரென்று வெளியே வளைவதுதான் பின்னால் வருபவரைப் பதற வைக்கிறது. அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, ஒரே கோட்டில் போங்கள். ஓட்டுநருக்கு வேகத்தைவிட நேர்கோடு முக்கியம்.

பேருந்தும் சைக்கிளும் மாறி மாறித் தாண்டிக்கொண்டே போவதற்குக் காரணம், நிறுத்தங்களில் நின்று போகும் பேருந்தின் சராசரி வேகமும் சைக்கிளின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான். யாரோ ஒருவர் அதை நிறுத்த வேண்டும், சைக்கிள் நிறுத்துவது சுலபம். முன்னால் போகும் பேருந்து இடது சிக்னல் போட்டு நிறுத்தத்துக்குள் நுழைந்தால் பின்னாலேயே இருங்கள். வலது சிக்னல் எரிந்துவிட்டால் தாண்டவே கூடாது. இடப்பக்கமாக நுழைவது அதைவிட மோசம், இறங்கும் பயணிகள் மேல்தான் போய் மோதுவீர்கள்.

சந்திப்பில் இடது பக்கம் திரும்பக் காத்திருக்கும் பேருந்து, லாரி பக்கத்தில் இடதுபுறம் ஊர்ந்து முன்னேறுவதுதான் உயிரையே எடுப்பது. 12 மீட்டர் பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நிற்கும் இடம் அந்தச் சக்கரத்தின் வழி. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னால் நில்லுங்கள்.

நேரம் பற்றி: சாதாரணப் பேருந்துத் தடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30–9.30, மாலை 5–8. சைக்கிள் அதில் போகலாம். ஆனால் தடம் நடப்பில் உள்ள நேரத்தில் இருவர் இணையாகப் போகக்கூடாது, ஒற்றை வரிசைதான். தலைக்கவசம் சாலையில் கட்டாயம். விரைவுச்சாலைக்கும் சுரங்கச்சாலைக்கும் சைக்கிளே கூடாது.

நடைக்காரர்:

மேலே இரண்டு பேரும் நல்ல விவரம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நடைபாதையில் 10 கி.மீ. என்பது உச்ச வரம்பு, அதை இலக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. மின்தூக்கி வாசல், பாலர் பள்ளி வாசல், பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம், ஈரச்சந்தை ஓரம், இந்த நான்கிலும் நடை வேகம், அதாவது 5 கி.மீ. அங் மோ கியோவில் நிறுத்தங்களுக்குப் பின்னால் சைக்கிள் பாதையில் நடப்பவர்க்கு முன்னுரிமை என்று கோடு போட்டு அடையாளமே வைத்திருக்கிறார்கள். பேருந்திலிருந்து இறங்குபவர் கைப்பேசியையும் பையையும் சரிசெய்துகொண்டு நேராக அந்தப் பாதையைக் குறுக்கே கடப்பார். அவர் இடது வலது பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மணி விஷயம். எல்லோரும் மணி அடிப்பதில் தப்பு கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் தப்பு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் 15 கி.மீ., முன்னால் நடப்பவர் 5 கி.மீ. நெருங்கும் வேகம் 10 கி.மீ., விநாடிக்கு 2.8 மீட்டர். 3 மீட்டரில் மணி அடித்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு விநாடி. ஒரு விநாடியில் யாரும் யோசிக்க மாட்டார்கள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் துள்ளுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் ஆளுக்கொரு பக்கம் துள்ளி, பிறகு ஒருவரை நோக்கி இன்னொருவர் ஓடுவார். கோபம் அங்கிருந்துதான் வருகிறது. 10 மீட்டரில் ஒரே ஒரு முறை மெதுவாக அடியுங்கள். அவருக்கு மூன்றரை விநாடி கிடைக்கும். பிறகு பெடல் மிதிப்பதை நிறுத்துங்கள், வேகம் தானாகக் குறையும். அவர் ஒதுங்கிய பிறகு வலப்பக்கமாகத் தாண்டி ‘நன்றி’ என்று ஒரு சொல். ஒதுங்கவில்லை என்றால் காது கேட்காதவராக இருக்கலாம், காதில் ஒலிக்கருவி இருக்கலாம். இரண்டாவது முறை அடிக்காமல், வேகத்தை அவர் நடைக்குக் குறைத்து ‘எக்ஸ்கியூஸ் மீ’ சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இது மிக முக்கியம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி நடப்பதே கேள்விக்குறி.

சிக்னலில் பச்சை மனிதன் எரியும்போது முதலில் நடப்பவர்கள் போகட்டும். சில கடவைகளில் மூத்தோர் தங்கள் அட்டையைத் தட்டினால் பச்சை நேரம் 3 முதல் 13 விநாடி வரை கூடும். அந்தக் கூடுதல் விநாடிகள் அவர்களுக்காகக் கொடுக்கப்பட்டவை, அதற்குள் சைக்கிளை அவர்களுக்கு நடுவே வளைத்து ஓட்டுவது நியாயமில்லை. மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். புளோக் கீழ்த்தளத்திலும் அப்படித்தான், தூண்களுக்கு நடுவிலிருந்து பிள்ளைகள் எப்போது ஓடி வருவார்கள் என்று சொல்ல முடியாது.

நடப்பவர்கள் செய்யும் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நமக்கென்றே நடைபாதை இருக்கும்போது சிவப்புப் பாதையில் மூன்று பேர் வரிசையாக நடப்பது சரியில்லை. பூங்கா இணைப்புப் பாதையில் இடப்பக்கம் நடங்கள். நாயைக் கூட்டிப் போனால் நீளும் கயிற்றைச் சுருக்கிப் பூட்டிவிடுங்கள். மாலை வெளிச்சத்தில் பாதையின் குறுக்கே இழுபட்ட மெல்லிய கயிறு கண்ணுக்கே தெரியாது, சைக்கிளும் விழும் நாயும் அடிபடும்.

இரவுப் பணி:

இடையில் ஒரு கேள்வி. சாப்பாடு விநியோகத்துக்கு மின்சைக்கிள் எடுத்தால் இதே விதிகள்தானா? கடைக்காரர் கைப்பிடியைத் திருகினால் ஓடும் மாடல் ஒன்றைக் காட்டினார், மலிவாகவும் இருக்கிறது.

சங்கிலி எண்ணெய்:

@இரவுப் பணி, அதை வாங்காதீர்கள் தம்பி. இங்கே அனுமதி உள்ள மின்சைக்கிளில் பெடல் மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும், திருகுபிடி கூடாது. மோட்டார் 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வந்தவுடன் உதவி நின்றுவிட வேண்டும், எடை 20 கிலோவுக்குள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரை சைக்கிளின் உடற்சட்டகத்தில் ஒட்டியிருக்க வேண்டும், பதிவு எண் தகடும் வேண்டும். வயது 16 ஆகியிருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் எழுத்துத் தேர்வும் தேறியிருக்க வேண்டும். மிக முக்கியமாக, மின்சைக்கிள் எந்த நடைபாதையிலும் ஏறக்கூடாது, 5 கி.மீ.யில் போனாலும் கூடாது. சாலையும் சைக்கிள் பாதையும்தான். புளோக் வாசல் வரை நடைபாதைதான் என்றால் இறங்கித் தள்ளுங்கள். மின்ஸ்கூட்டருக்கு வேறு விதி: நடைபாதையும் இல்லை, சாலையும் இல்லை, சைக்கிள் பாதை மட்டும். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

@அவென்யூ மூன்று, சைக்கிளில் பார்க்க வேண்டியவை. மேலே சொன்ன 4 மீட்டர், 13 மீட்டர் எல்லாம் பிரேக் நன்றாக இருந்தால்தான்.

பிரேக் பிடியை முழுக்க அழுத்துங்கள். ஹேண்டில்பாருக்கும் பிடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் மிஞ்ச வேண்டும். பிடி கைப்பிடியைத் தொட்டுவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது, பிடி அருகே உள்ள சிறு திருகை வெளிப்பக்கம் சுற்றினால் இறுகும். ரிம்மை அழுத்தும் வகை என்றால் ரப்பர் கட்டையில் உள்ள பள்ளங்களைப் பாருங்கள், அவை மறைந்திருந்தால் மாற்றும் நேரம். மழையில் இந்த வகை முதல் ஒரு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஆகையால் ஈரத்தில் முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டே போங்கள். கைப்பிரேக் குறைந்தது ஒன்றாவது வேலை செய்ய வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் சட்டம், ஆனால் இரண்டு பிரேக்கும் வேலை செய்தால் மட்டுமே அந்தச் சைக்கிளில் வேலைக்குப் போங்கள்.

மாலை 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. நீங்கள் திரும்பும் நேரம் முழுக்க இதற்குள் வருகிறது. முன்விளக்கைக் கிடைமட்டமாக வைக்காதீர்கள், எதிரே நடப்பவரின் கண்ணுக்கு நேராக அடிக்கும். அவருக்குக் கண் கூசி, நீங்கள் எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்றே தெரியாது. ஒளிவட்டத்தின் நடு 8 முதல் 10 மீட்டர் முன்னே தரையில் விழும்படி சாய்த்துவிடுங்கள். ஆற்றோரப் பாதையில் மின்னும் நிலை வேண்டாம், நிலையான வெளிச்சம் வையுங்கள். மின்னும் விளக்கை வைத்துத் தூரத்தைக் கணிப்பது கடினம். கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டுவது 2020 ஆகஸ்ட் முதல் குற்றம், வழி பார்க்க வேண்டுமென்றால் தாங்கியில் மாட்டுங்கள்.

அவென்யூ மூன்று:

எல்லோருக்கும் நன்றி. ஆற்றோர வழியே எடுக்கிறேன். 10 மீட்டரில் மணி என்பது இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. இரண்டு கேள்வி மிச்சம். சனிக்கிழமை காலை கூட்டமாக ஓட்டும் குழுவில் சேரச் சொல்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா? யாராவது மிக நெருக்கமாகத் தாண்டிப்போனால் என்ன செய்வது?

பெரிய வண்டி:

குழுவுக்கு 2022 ஜனவரி 1 முதல் நீள வரம்பு உண்டு: 5 சைக்கிள் நீளம். ஒற்றை வரிசை என்றால் 5 பேர், இருவர் இணையாக என்றால் 10 பேர். இணையாகப் போவது ஒரே திசையில் இரண்டு தடமாவது உள்ள சாலையில் மட்டும். மீறினால் 150 வெள்ளி. குழுக்களுக்கு நடுவே 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி, விட வேண்டும் என்பது வழிகாட்டி. ஐந்து சைக்கிள் சேர்ந்தால் 15 மீட்டர்போல வரும், ஒரு பேருந்தைவிடக் கொஞ்சம் நீளம். அவர்களைவிட 20 கி.மீ. வேகம் கூடுதலாக வரும் கார் ஐந்து, ஆறு விநாடியில் தாண்டி, அந்த 30 மீட்டரில் பழைய தடத்துக்குத் திரும்பிவிடும். இருபது பேர் தொடர்ந்து போனால் கார் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும், எதிரே ஏதாவது வந்தால் இடப்பக்கம் சைக்கிள்கள் மேல்தான் ஒடிக்கும். குழுவில் சேருமுன் எத்தனை பேராகப் பிரிந்து போகிறார்கள் என்று கேளுங்கள். பிரிவதில்லை என்றால் வேறு குழு பாருங்கள்.

நெருக்கமாகத் தாண்டினால் துரத்தாதீர்கள், அடுத்த சிக்னலில் கண்ணாடியைத் தட்டாதீர்கள். அது இரண்டாவது குற்றமாக உங்கள் பக்கம் திரும்பும். ஓரமாக நின்று நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி எண், நேரம், எந்தத் தடம், அருகில் உள்ள விளக்குக் கம்பத்தின் எண். கம்பத்தில் எண் ஒட்டியிருக்கும், ‘அவென்யூ 3இல் எங்கோ’ என்று சொல்வதைவிட அது இடத்தைத் துல்லியமாகக் காட்டும். கேமரா இருந்தால் சம்பவத்துக்கு முன் பத்து விநாடி, பின் பத்து விநாடி சேர்த்து வெட்டாமல் வைத்திருங்கள், பின்பகுதி மட்டும் கொடுத்தால் நீங்கள் எந்தக் கோட்டில் வந்தீர்கள் என்பது தெரியாது. போக்குவரத்துப் போலிஸுக்கு இணையத்தில் புகார் அனுப்பலாம்.

நடைக்காரர்:

பாதை விஷயங்களுக்கு ஒன்சர்விஸ் செயலி. பெயர்ந்த ஓடு, எரியாத விளக்கு, பாதைக் கோடு அழிந்த இடம், வளைவில் கண்ணை மறைக்கும் செடி, எல்லாவற்றையும் படத்தோடு அனுப்புங்கள். செடி வெட்டினாலே சில மூலைகளில் ஐந்து மீட்டர் கூடுதலாகத் தெரியும்.

மோதல் நடந்துவிட்டால் அங்கேயே நின்றாக வேண்டும், விவரம் கொடுத்தாக வேண்டும், சைக்கிள்காரருக்கும் அதே கடமைதான். விழுந்தவர் வயதானவர் என்றால் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். இடுப்பு வலிக்கிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் அசைக்காமல் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். வெயிலாக இருந்தால் குடை பிடித்து நில்லுங்கள். சைக்கிளை ஓரம் தள்ளுமுன் பாதையின் கோடும் சைக்கிள் கிடந்த இடமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள்.